ஆசிரியர் நிலைக்காத பாடசாலைகள்

ஒரு பாடசாலையின் தரத்தை அறிய விரும்புவோர் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சென்ற வருடம் இங்கே கற்பித்த ஆசிரியர்களில் எத்தனை பேர் இவ்வருடமும் கற்பிக்கின்றனர்? கட்டடத்தைக் கடன்பட்டும் எழுப்பலாம். பரீட்சைப் பெறுபேற்றை ஓரிரு வருடங்களுக்கு உயர்த்திக் காட்டலாம். ஆனால் தகுதி வாய்ந்த ஓர் ஆசிரியரை ஓரிடத்திலே பத்து வருடம் நிலைத்திருக்கச் செய்வது எளிதான காரியமன்று. நீதியும் மதிப்பும் உள்ள இடத்திலன்றி அவர் நிற்க மாட்டார்.

ஐக்கிய அமெரிக்காவிலே இந்தக் கேள்விக்கு விடை கூறக் கூசும் பாடசாலைகள் பல இருக்கின்றன. ‘சார்ட்டர்’ பாடசாலைகள் என்று அந்நாட்டார் அவற்றை அழைக்கின்றனர். நாம் சாசனப் பாடசாலைகள் என்று கூறலாம். அவை பொதுமக்களின் வரிப்பணத்தில் நடப்பவை. மாணவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. ஆயினும் அவற்றை நடத்துவது ஊரார் தெரிந்தெடுத்த கல்விச் சபையன்று. தனிப்பட்டதொரு நிர்வாக சபையே நடத்துகின்றது. அந்த நிர்வாக சபைக்கும் அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கும் இடையே குறித்த சில வருடங்களுக்கென எழுதப்படும் உடன்படிக்கையே சாசனம். ‘நல்ல பெறுபேறு காட்டுவோம், காட்டாவிடின் பாடசாலையை மூடிவிடுங்கள்’ என்பது நிர்வாகத்தின் வாக்குறுதி. ‘அப்படியாயின் ஏனைய அரசாங்கப் பாடசாலைகளைக் கட்டுப்படுத்தும் விதிகள் பலவற்றிலிருந்து உங்களுக்கு விலக்களிக்கிறோம்’ என்பது அரசாங்கத்தின் கைம்மாறு. 1991 ஆம் ஆண்டில் மினசோட்டா மாநிலம் இதற்கான முதற் சட்டத்தை இயற்றியது. 1992 இல் முதற் பாடசாலை அம்மாநிலத்தின் சென் போல் நகரில் திறக்கப்பட்டது. 2021 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 7,800 பாடசாலைகளில் 37 இலட்சம் பிள்ளைகள் கற்றனர்.

இப்பாடசாலைகளில் ஆசிரியர் நிலைப்பதில்லை என்பது எதிரிகள் கட்டிய கதையன்று. 2003-04 ஆம் கல்வியாண்டில் எடுக்கப்பட்ட சமஷ்டி அரசாங்கக் கணக்கை வண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் ஆராய்ந்தனர். ஏனைய அரசாங்கப் பாடசாலைகளில் நூற்றுக்கு 14 ஆசிரியர் அடுத்த வருடம் தமது பாடசாலையில் இருக்கவில்லை. சாசனப் பாடசாலைகளிலோ நூற்றுக்கு 25 பேர் இருக்கவில்லை. வேறு பாடசாலைக்கு மாறியவர் மாத்திரமன்றி, ஆசிரியத் தொழிலையே துறந்தவரும் இவர்களுள் மிகுதி. 2012-13 ஆம் ஆண்டுக் கணக்கிலே இந்த இடைவெளி சுருங்கியிருந்தது, மறைந்துவிடவில்லை. நாலில் ஒருவர் வருடந்தோறும் வெளியேறும் கடையிலோ கந்தோரிலோ காரியம் ஒழுங்காக நடக்குமென எவரும் நம்பார். பிள்ளைகளின் பாடசாலையில் மட்டும் அது எவ்வாறு நடக்கும்?

சாசனப் பாடசாலைகளின் ஆதரவாளர் இதற்கு ஒரு சமாதானம் கூறுவர். ‘எமது ஆசிரியர் இளைஞர், பலருக்கு அனுபவம் குறைவு, பாடசாலைகள் ஏழைகள் வாழும் நகர்ப்புறங்களில் இருக்கின்றன, இளைஞர் எங்கும் நிலைப்பதில்லை’ என்பர். இதில் உண்மை உண்டு. மேற்கூறிய ஆய்வாளரும் வயதும் தராதரப் பத்திரமும் இந்த வேறுபாட்டின் ஒரு பகுதியை விளக்குகின்றன என்றே கண்டனர். ஆனால் வழக்காடும் தொழிலிற் பழகிய எமக்கு இது எதிரிக்கு உதவும் சாட்சியமாகத் தோன்றவில்லை. இளைஞரைத் தேடி நியமித்தவர் யார்? அனுபவமுள்ளோரை வேண்டாமென விட்டவர் யார்? வருடந்தோறும் புதியவரைக் குறைந்த சம்பளத்தில் எடுத்து, உழைப்பை முழுதும் வாங்கி, அவர் களைத்ததும் வேறொருவரை அமர்த்துவதை முறையாகக் கொண்ட நிர்வாகம், ‘இளைஞர் நிலைப்பதில்லை’ என்று முறையிடுவது பொருந்தாது. 1990 இல் தொடங்கிய ‘டீச் போர் அமெரிக்கா’ என்னும் இயக்கம், பட்டதாரிகளுக்குச் சில வாரங்கள் பயிற்சி அளித்து இரண்டு வருட உடன்பாட்டில் வகுப்பறைக்கு அனுப்புகின்றது. சாசனப் பாடசாலைகள் பல அவர்களை நம்பியே நடந்து வந்தன. இரண்டு வருடத்துக்கென வருபவர் இரண்டு வருடத்திற் போவதில் வியப்பென்ன?

இனி உழைப்பின் அளவை நோக்குவோம். 1994 இல் ஹூஸ்ரன் நகரில் இரண்டு இளம் ஆசிரியர் தொடங்கிய ‘கிப்’ என்னும் பாடசாலைத் தொகுதி இவ்வியக்கத்தின் பெரும்புகழ் பெற்ற எடுத்துக்காட்டு. காலை ஏழரை மணி முதல் மாலை ஐந்து மணி வரை வகுப்பு, சனிக்கிழமைகளிலும் பாடம், கோடை விடுமுறையிலும் சில வாரங்கள், இரவிலே மாணவர் வீட்டுப் பாடத்தில் ஐயம் கேட்டால் ஆசிரியர் தொலைபேசியில் விளக்க வேண்டும் என்பதே அதன் தொடக்ககால முறையாக இருந்தது. இதனால் வறிய வீட்டுப் பிள்ளைகள் பலர் பயனடைந்தனர் என்பதை நாம் மறுக்க மாட்டோம். சாசனப் பாடசாலை மாணவர் சராசரியாகச் சிறிதளவு கூடுதலான முன்னேற்றம் கண்டனர் என்று ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2023 இலே தெரிவித்தது. நன்மையை நன்மை என்றே கூற வேண்டும்.

ஆனால் இந்த நன்மைக்கு விலை கொடுப்பவர் யார் என்பதே எமது கேள்வி. இருபத்து மூன்று வயதுத் தனியாள் இந்தப் பாரத்தைச் சுமப்பார். முப்பது வயதிலே மடியில் குழந்தையுடன் ஒரு தாய் இதனைச் சுமப்பாரா? வயோதிபப் பெற்றோரைப் பராமரிக்கும் மகன் சுமப்பாரா? அவர்கள் தொழிலில் ஆர்வம் குறைந்து போவதில்லை. வாழ்க்கையும் தொழிலும் ஒரே கூரையின் கீழ் நில்லாமையாற் போகின்றனர். சம்பளமும் சராசரியாக ஏனைய அரசாங்கப் பாடசாலைகளிலும் பார்க்கக் குறைவு. கூடுதல் நேரம், குறைந்த கூலி என்னும் கணக்கைப் புரிந்துகொள்ள ஒருவர் கணித ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை.

எனினும் நேரமும் சம்பளமும் மாத்திரம் முழுக் காரணமாகா. ஆசிரியர் உலகெங்கும் குறைந்த சம்பளத்துக்கே உழைத்து வந்திருக்கின்றனர். எமது ஊர்களிலே திண்ணையில் இருந்து கற்பித்த சட்டம்பியார் பணக்காரராக இறந்ததில்லை. அடிப்படைக் காரணம், ஆசிரியரின் சட்ட நிலையில் இருக்கின்றது.

அமெரிக்காவின் வழமையான அரசாங்கப் பாடசாலையில், குறித்த காலம் கடமையாற்றி நிரந்தரமாக்கப்பட்ட ஆசிரியரைக் காரணம் காட்டாமலும் விசாரியாமலும் விலக்க முடியாது. சாசனப் பாடசாலைக்கு வழங்கப்படும் விதிவிலக்குகளுள், பல மாநிலங்களில், இந்தப் பாதுகாப்பும் அடங்கிவிடுகின்றது. ஆசிரியரின் ஒப்பந்தம் வருடத்துக்கு வருடம் செல்லும். அல்லது நிர்வாகத்தின் விருப்பம் உள்ளவரை செல்லும். பிரதேசக் கல்விச் சபையும் ஆசிரியர் சங்கமும் செய்துகொண்ட கூட்டு உடன்படிக்கை அவரைச் சாராது. தொழிற்சங்கம் உள்ள சாசனப் பாடசாலைகள் மிகச் சிறுபான்மையே.

நீதிமன்றங்கள் இதனை எவ்வாறு நோக்கின? அரிசோனா மாநிலத்திலே ஒரு சாசனப் பாடசாலை ஆசிரியர், தமது நற்பெயருக்கு ஊறு விளைந்ததென்றும், விளக்கமளிக்கத் தமக்கு விசாரணை வழங்கப்படவில்லை என்றும் வழக்கிட்டார். அரசியல் அமைப்பு அரசையே கட்டுப்படுத்தும். ஆகவே பாடசாலை அரசின் அங்கமா என்பதே பிரச்சினை. ஒன்பதாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் 2010 இல் அளித்த தீர்ப்பு யாது? மாநிலச் சட்டம் அதனைப் பொதுப் பாடசாலை என்று அழைத்த போதிலும், ஊழியர் சம்பந்தமான விடயத்தில் அது தனியார் நிறுவனமாகவே செயற்பட்டது என்பதாம். ஆசிரியர் தோற்றார். 2016 இல் தேசிய தொழில் உறவுச் சபை, நியூயோர்க், பென்சில்வேனியா மாநிலங்களின் இரு சாசனப் பாடசாலைகள் தனியார் தொழில்கொள்வோரே எனத் தீர்மானித்தது. தனியார் துறைச் சட்டத்தின்படி சங்கம் அமைக்கும் உரிமை அவ்வாசிரியருக்கு உண்டு. ஆனால் அவர் பொதுச் சேவையாளர் அல்லர் என்பது உறுதியாயிற்று.

இதற்கு எதிராக மற்றொரு தீர்ப்பும் உண்டு. வட கரோலைனாவில் ஒரு சாசனப் பாடசாலை, மாணவிகள் பாவாடையே அணிய வேண்டுமென விதித்தது. நான்காவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் 2022 இல் அப்பாடசாலை அரசின் அங்கமே என்றும், அவ்விதி சமத்துவத்துக்கு மாறானது என்றும் தீர்ப்பளித்தது. 2023 இல் உயர் நீதிமன்றம் அதனை மீள விசாரிக்க மறுத்தது. இவை இரு வேறு வட்டாரங்களின் தீர்ப்புகள் என்பதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் சாதாரண மனிதன் என்ன நினைப்பான்? மாணவியின் உடையைப் பற்றிய வழக்கிலே பாடசாலை அரசு. ஆசிரியரின் மானத்தைப் பற்றிய வழக்கிலே பாடசாலை தனியார். பொதுப் பணத்துக்குக் கை நீட்டும்போது அது பொதுப் பாடசாலை; ஆசிரியர் நீதி கேட்டு வாசலில் நிற்கும்போது அது தனியார் வீடு. இந்த இரட்டை முகத்தை நாள்தோறும் பார்க்கும் ஆசிரியர் தமது பெட்டியைக் கட்டுகின்றார்.

இதிலே வருந்தத்தக்க விடயம் ஒன்று உண்டு. சாசனப் பாடசாலை என்னும் எண்ணத்தை அந்நாட்டு மக்கள் முன் வைத்தவர்களுள் முதன்மையானவர் ஓர் ஆசிரியர் சங்கத் தலைவரே. சாசனம் என்னும் சொல்லை இதற்கு வழங்கியவர் மாசச்சூசெற்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரே பட். அமெரிக்க ஆசிரியர் சம்மேளனத்தின் தலைவர் அல்பேட் ஷாங்கர் 1988 மார்ச் மாதம் வாஷிங்டன் பத்திரிகையாளர் கழகத்தில் ஆற்றிய உரையிலே, ஆசிரியர் சிலர் கூடித் தாமே ஒரு சிறு பாடசாலையை வகுத்து, மேலதிகாரிகளின் தொல்லையின்றிப் புதிய முறைகளைப் பரீட்சித்துப் பார்க்க இடமளிக்க வேண்டுமென வேண்டினார். சங்கத்தின் சம்மதமும் கல்விச் சபையின் சம்மதமும் அதற்கு வேண்டும் என்றார். ஆசிரியருக்குச் சுதந்திரம் என்பதே அத்திட்டத்தின் உயிர். சில வருடங்களுள் அந்தச் சுதந்திரம் கைமாறியது. கல்விச் சபையிடமிருந்து பறிக்கப்பட்ட அதிகாரம் ஆசிரியரிடம் வந்து சேரவில்லை. முகாமையாளரிடம் போய்ச் சேர்ந்தது. ஷாங்கரே 1990 களில் இத்திட்டத்தை எதிர்த்தார். மேலே இருந்த எசமானை நீக்கி அருகிலே ஓர் எசமானை அமர்த்துவதற்கு விடுதலை என்று பெயரிட முடியாது.

இம்முறையின் முழு உருவத்தையும் காண விரும்புவோர் நியூ ஓர்லியன்ஸ் நகரைப் பார்க்க வேண்டும். 2005 ஓகஸ்ட் மாதம் கத்ரீனா சூறாவளி அந்நகரை மூழ்கடித்தது. வெள்ளம் வடிந்த பின்னர் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட பாடசாலை ஊழியர் வேலை நீக்கப்பட்டனர். ஆசிரியருட் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர்; அந்நகரிலே பிறந்து, அங்கேயே கற்று, அங்கேயே கற்பித்தவர்கள். பாடசாலைகள் படிப்படியாகச் சாசன நிர்வாகங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. வெளியூர்களிலிருந்து இளைஞர் வந்து சேர்ந்தனர். 2005 இல் நூற்றுக்கு 71 ஆக இருந்த கறுப்பின ஆசிரியர் தொகை 2014 இல் 49 ஆகக் குறைந்தது. நீக்கப்பட்டோர் வழக்கிட்டு 2012 இல் வென்றனர். 2014 இல் லூசியானா மாநில உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 2015 இல் நாட்டின் உயர் நீதிமன்றம் தலையிட மறுத்தது. 2019 அளவில் அந்நகரின் பொதுப் பாடசாலைகள் ஏறத்தாழ அனைத்தும் சாசனப் பாடசாலைகளாயின. பின்னர் 2024 இலே கல்விச் சபை தானே நேரடியாக நடத்தும் ஒரு பாடசாலையைத் திறந்தது. பரீட்சைப் பெறுபேறு அந்நகரில் உயர்ந்தது என்பர். உயர்ந்தது உண்மையே. ஆனால் ‘உன் தகப்பனுக்கும் நானே படிப்பித்தேன்’ என்று ஒரு பிள்ளையிடம் கூறக்கூடிய ஆசிரியரை எந்தப் பரீட்சை அளக்கும்?

இது வெறும் மனவுணர்ச்சியன்று. நியூயோர்க் நகரின் நாலாம் ஐந்தாம் வகுப்பு மாணவரைப் பற்றிய ஓர் ஆய்வு 2013 இல் வெளியாயிற்று. ஆசிரியர் அடிக்கடி மாறும் வகுப்புகளில் பிள்ளைகளின் பெறுபேறு தாழ்கின்றதென்றும், பின்தங்கிய பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளுமே கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றனர் என்றும் அது காட்டியது. தம்மிடம் கற்பித்த ஆசிரியர் போகாத பிள்ளைகளும் பாதிக்கப்பட்டனர். போவோரின் வேலையும் எஞ்சி நிற்போரின் தோளில் விழுகின்றது அல்லவா?

எமது கமக்காரருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. குத்தகைக்கு வயல் செய்பவன், அடுத்த போகம் அந்த வயல் தன் கையில் இருக்குமோ இராதோ என்று அறியாதபோது என்ன செய்வான்? பசளை இட்டு மண்ணை வளப்படுத்த மாட்டான். வரம்பை உயர்த்திக் கட்ட மாட்டான். வாய்க்காலைத் துப்புரவாக்க மாட்டான். இந்தப் போகத்துக்கு எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு போவான். அவன் சோம்பேறி என்பதனாலன்று. நிச்சயமின்மை அவனை அப்படி ஆக்குகின்றது. 1958 ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் குத்தகைக் கமக்காரனுக்கு நிலையான உரிமை வழங்க முற்பட்டதற்கு இதுவே நியாயம். பிள்ளையின் மனம் வயலிலும் பார்க்க மெதுவாக விளையும் நிலம். அங்கே வருடக் குத்தகைக்கு ஆள் வைப்பது எவ்வளவு பேதைமை!

ஆசிரியர் போகவே விரும்புகின்றனர் என்று எண்ணுவதும் தவறு. 2018 டிசம்பரில் சிக்காகோ நகரின் ‘அசேரோ’ என்னும் தொகுதியைச் சேர்ந்த 15 சாசனப் பாடசாலைகளில் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் வேலை நிறுத்தம் செய்தனர். சாசனப் பாடசாலை வரலாற்றில் அதுவே முதலாவது வேலை நிறுத்தம். நகரின் ஏனைய அரசாங்கப் பாடசாலை ஆசிரியருக்கு ஒத்த சம்பளமும், மாணவர் தொகை குறைந்த வகுப்புகளும், குறைந்த வேலை நேரமும் கேட்டனர். சில நாட்களில் உடன்படிக்கை ஏற்பட்டது. வகுப்பின் உச்ச அளவு 32 இலிருந்து 30 ஆகக் குறைக்கப்பட்டது. சம்பளத்தைப் படிப்படியாகச் சமப்படுத்த இணக்கம் காணப்பட்டது. போக நினைத்தவர் மறியல் செய்வதில்லை. ராஜினாமாக் கடிதத்தை நீட்டிவிட்டுப் போவார். குளிரிலே வீதியில் நின்று போராடுபவர் நிலைக்க விரும்புபவர்.

தூர தேசத்துக் கதை எமக்கெதற்கு என்று எவரும் கேட்கலாம். பொதுப் பணம், தனியார் நிர்வாகம் என்னும் ஏற்பாடு எமது நாட்டுக்குப் புதியதன்று. உதவி நன்கொடை பெறும் பாடசாலைகள் இங்கே நெடுங்காலம் நடந்தன. பணம் அரசாங்கத்தினது, நியமனம் முகாமையாளரது. அப்பாடசாலைகள் தமிழருக்கு ஆற்றிய தொண்டை எவரும் மறக்க முடியாது. அதே வேளை, முகாமையாளரின் முகம் கோணாமல் நடப்பதும், சில இடங்களில் சமயம் மாறுவதும் உத்தியோகத்தின் நிபந்தனை என்று அக்கால ஆசிரியர் பட்ட மனக்குறையையும் மறக்க முடியாது. 1960 ஆம், 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் பெரும்பாலான பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. ஆசிரியருக்கு நிரந்தரம் கிடைத்தது. கூடவே, இடமாற்றத்துக்காக அரசியல்வாதியின் வாசலிற் காத்து நிற்கும் அவமானமும் வந்தது. முகாமையாளரின் தயவும் மந்திரியின் தயவும் தயவுதான். ஆசிரியருக்கு வேண்டியது எவருடைய தயவுமன்று, சட்டம்.

ஆதலின் நாம் சாசனப் பாடசாலைகளை ஒழிக்க வேண்டுமென்றோ, அரசாங்கமே அனைத்தையும் நடத்த வேண்டுமென்றோ வாதிக்கவில்லை. பாடசாலையை யார் நடத்தினாலும் மூன்று விதிகள் அங்கே செல்ல வேண்டும் என்பதே எமது துணிபு. பொதுப் பணத்தில் ஒரு சதமேனும் பெறும் பாடசாலையில், காரணம் காட்டி, விசாரித்து, பதில் கூற இடமளித்தாலன்றி ஆசிரியரை விலக்கலாகாது. ஒரே ஊரிலே ஒரே வேலை செய்வோருக்கு ஒரே சம்பளம் வேண்டும். வேலை நேரத்தையும் வகுப்பின் அளவையும் நிர்ணயிக்கும் மேசையிலே ஆசிரியருக்கு ஓர் ஆசனம் இருக்க வேண்டும். இவற்றை ஏற்கும் நிர்வாகத்திடம் எவ்வளவு சுதந்திரமும் கொடுக்கலாம். ஏற்காத நிர்வாகத்துக்குப் பொதுமக்களின் பணத்தைக் கொடுப்பதற்கு நியாயம் இல்லை.

நாளை எமது நாட்டிலும் ‘நிர்வாகத்தை எம்மிடம் தாருங்கள், பெறுபேற்றை உயர்த்திக் காட்டுகிறோம்’ என்று எவரேனும் வரலாம். வருபவர் செல்வந்தராக இருக்கலாம்; சமயத் தொண்டராகவும் இருக்கலாம்; நல்லெண்ணம் உடையவராகவும் இருக்கலாம். பெற்றோராகிய நீங்கள் அவரிடம் கட்டடத்தின் வரைபடத்தைக் கேட்க முன்னர், ஆசிரியருக்குக் கொடுக்கப்போகும் நியமனக் கடிதத்தை வாங்கி வாசித்துப் பாருங்கள். அதிலே ஆசிரியருக்கு நீதி எழுதப்பட்டிருந்தால் உங்கள் பிள்ளையை நம்பி அனுப்பலாம். எழுதப்படாவிடின், அடுத்த தையிலே உங்கள் பிள்ளை புதியதொரு முகத்தின் முன்னே அமர்ந்திருக்கும்.